பதினான்கு நாள் புத்தகம்

வெஸ் ஹார்யுவோடு இருபத்திரண்டு குளிர்காலம் வயர்லெஸ்ஸில் பேசியவள் நான். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்ற விஷயம் இருபத்திரண்டாவது குளிர்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஆல்டர் ஹார்பரில் மாவட்டச் சாலைத் துறையின் கட்டுப்பாட்டு மேசை என்னுடையது. பனி தள்ளும் லாரிகள் பதினொன்று. ஓட்டுகிறவர்கள் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்புவார்கள். சுப்பீரியர் ஏரி எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டுகிற பனி வருடத்துக்கு இருபது அடிக்குக் குறையாது. எந்தச் சாலையில் மரம் சாய்ந்தது, எந்தப் பள்ளிப் பேருந்து ஓரப் பள்ளத்தில் இறங்கியது, எல்லாச் செய்தியும் என் வழியாகத்தான் அவர்களுக்குப் போகும்.

பதினொரு பேரில் கெட்டிக்காரர் வெஸ். முன்கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியாத காற்றிலும் சாலையின் விளிம்பை விட்டு ஒரு சாண் விலக மாட்டார். இத்தனை வருடத்தில் அவர் இடித்துச் சாய்த்த தபால் பெட்டி ஒன்றே ஒன்று. அதையும் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் இடம் மாற்றி நட்டிருந்தார். "நேத்து வரைக்கும் அது அங்க இல்லையே நோரீன்" என்று வெஸ் அன்று முழுக்க என்னிடம் புலம்பினார்.

வேலை அட்டவணையை நீட்டினால், "கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டேன், நீயே படிச்சுச் சொல்லிடு" என்பார். அவர் கண்ணாடி போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அறிக்கை எழுத வேண்டுமென்றால், "என் கையெழுத்தப் பாத்தா டாக்டருக்கே தலை சுத்தும். நீ எழுது, நான் கடைசில ஒரு கிறுக்கு கிறுக்குறேன்" என்பார். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பேஸ்டி கடைக்கு எல்லோரும் சேர்ந்து போனால் சுவரில் எழுதியிருப்பதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "டுவேனுக்கு என்னவோ அதுவே எனக்கும்." டுவேன் பெல்டோ எங்களோடு ஓட்டுகிற இன்னொருவன். அவன் எப்போதும் ருடபாகா கிழங்கு போட்டதைத்தான் கேட்பான். அந்தக் கிழங்கு வெஸ்ஸுக்குக் கொஞ்சமும் ஆகாது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆகாததை இருபத்திரண்டு வருடம் முகம் சுளிக்காமல் தின்றிருக்கிறார்.

அவர் மனைவி மார்லிஸ் என் சிநேகிதி. பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, லாரிக்காரர்களுக்கு வரும் சுற்றறிக்கை எல்லாவற்றையும் அவள்தான் அவருக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே யாரிடமும் மூச்சு விட்டதில்லை, என்னிடம்கூட.

தனக்காக அவள் வாசித்ததெல்லாம் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதுகிற நாவல்கள். சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டே பெண்பிள்ளைகள், "மார்லிஸ், இத இன்னுமா படிக்கல?" என்று கேட்பார்கள். இவள் அன்றைக்கே தன் டேப்லெட்டில் நூலகத்தைத் திறந்து தேடிவிடுவாள். நூலகம் பதினெட்டு மைல் தள்ளி. ஜனவரியில் வாரத்துக்கு மூன்று நாள் திறந்தால் அதிசயம். அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் இரவல் வாங்குவது மின்னூல்தான். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வாசிக்கலாம், மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். கையில் கிடைத்தால் பதினான்கு நாள். பதினைந்தாம் நாள் அதுவாகவே திரும்பிப் போய்விடும்.

அந்த ஜனவரியில் மார்லிஸின் வலது கண்ணில் கறுப்பாக ஒரு திரை இறங்கியது. இடது கண்ணிலும் தொடக்கம் இருந்தது. மார்க்வெட் நகரத்து மருத்துவமனையில் இரண்டையும் அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்திருக்கிறோம், பத்து நாளைக்கு முகம் கவிழ்ந்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும்கூட, என்று சொல்லி அனுப்பினார்கள். வெஸ் தன் கொட்டகையில் பலகை அறுத்து, நடுவில் முகம் வைக்க ஓட்டை போட்டு, சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்து ஒரு சட்டம் செய்துவிட்டார். மார்லிஸ் அதில் முகம் புதைத்துத் தரையைப் பார்த்தபடி கிடந்தாள். தரையும் தெரியவில்லை, வெறும் கலங்கல்.

மூன்றாம் நாள் நான் கோழி சூப் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அலமாரி மேலிருந்த டேப்லெட் டிங் என்றது.

"நோரீன், அது என்னன்னு பாரு."

பார்த்தேன். பதினொரு வாரமாக அவள் காத்திருந்த புத்தகம் வந்திருந்தது. உப்புச் சுரங்கத்துக்குள் ஒளிந்து வாழும் ஒரு கூட்டத்தைப் பற்றிய கதையின் மூன்றாம் பாகம், கடைசிப் பாகம். இன்றிலிருந்து பதினான்கு நாள்.

"இப்பவா வரணும்!" என்று சட்டத்துக்குள்ளிருந்து முனகினாள்.

"அதுக்கென்ன, தினம் சாயங்காலம் நான் வந்து படிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

மார்லிஸ் சொன்னாள்: "வேணாம் நோரீன். வெஸ் படிப்பான்."

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வெஸ்ஸின் கை நின்றுவிட்டதை நான் கவனித்தேன். அவருக்குக் கதைப் புத்தகமெல்லாம் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் இருவரும் வேறு வேறு சமயத்தில் என்னிடம் சொன்னார்கள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் வெஸ், "உனக்குப் பைத்தியமா? நான் எப்படிப் படிப்பேன்?" என்று கேட்டிருக்கிறார்.

"எழுத்து தெரியும்ல உனக்கு?"

"எழுத்து தெரியும். அதுங்க ஒண்ணா சேர்ந்து நின்னாதான் ஆடுதுங்க."

"அப்ப ஒவ்வொரு எழுத்தா சொல்லு. வார்த்தைய நான் சொல்றேன்."

சின்ன வயதில் பள்ளியில் அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சோம்பேறி என்று ஒரு ஆசிரியை, வேண்டுமென்றே செய்கிறான் என்று இன்னொருவர். பதினாறு வயதானதும் அப்பாவோடு மரம் ஏற்றும் லாரியில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படி என்று சொன்னதில்லை.

தரையில், மார்லிஸின் தலைமாட்டில் உட்கார்ந்தார். டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். வரிக்கு நாலு வார்த்தைதான் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினார். நாலு வார்த்தை என்றால் சமாளித்துவிடலாம் என்று தோன்றியதாம். ஒரு எழுத்தைச் சொல்லுவார், அடுத்ததைச் சொல்லுவார், கீழே குனிந்த முகத்திலிருந்து வார்த்தை வரும். முதல் வாக்கியத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு மார்லிஸ் அதை மொத்தமாகச் சேர்த்துச் சொன்னாள்: "அப்பா உப்புக்குள் இறங்கிப்போன வருடம் எனக்குப் பதினாறு வயது."

வெஸ் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணுமில்ல. எனக்கும் பதினாறுதான்."

அன்று மதியம் முழுக்க ஒரு பக்கம். கூரை மேலே ஏறிப் பனி வாரியவர் மாதிரி வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. மறுநாள் இரண்டு பக்கம். வேலை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆறாம் நாளிலிருந்து சின்னச் சின்ன வார்த்தைகளுக்கு எழுத்துக் கூட்டுவதை விட்டுவிட்டார். தான் விட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. மார்லிஸ் கவனித்தாள், வாயைத் திறக்கவில்லை.

பின்னால் ஒரு நாள் அவளிடம் கேட்டேன். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாய், இவ்வளவு நாள் இதை ஏன் செய்யவில்லை?

"செய்யாம இருப்பேனா? கல்யாணம் ஆன புதுசுல ரெண்டு தடவ முயற்சி பண்ணேன். நான் பக்கத்துல உக்காந்து அவன் மூஞ்சியப் பார்ப்பேன். அவன் என் மூஞ்சியப் பார்ப்பான். எந்திரிச்சுப் போயிடுவான். இந்தத் தடவ என் மூஞ்சி பலகைக்குள்ள இருந்துச்சு. யாரும் பாக்கலைன்னதும் அவனுக்குத் தைரியம் வந்துடுச்சு" என்றாள்.

பத்து நாள் முடிந்து மார்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்வை இன்னும் தெளியவில்லை. வாசிப்பு தொடர்ந்தது. பதினைந்தாம் நாள் மதியம் கதையில் ஒரு கட்டம். வென்னா என்ற அந்தப் பெண் ஒரு வீட்டில் பதுங்கியிருக்கிறாள். வெளியே பூட்ஸ் சத்தம். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வெஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் தள்ளினார். திரை வெறுமையாகிவிட்டது.

"மார்லிஸ்! நான் ஒண்ணும் பண்ணல! கதவத் தட்டினாங்க, அவ்வளவுதான், புத்தகமே போயிடுச்சு!"

மார்லிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள், அதையும் மீறிச் சிரித்தாள். "பதினாலு நாள் ஆயிடுச்சு வெஸ். லைப்ரரி திரும்ப எடுத்துக்கிச்சு."

"கதவத் தட்டுறப்பவா எடுத்துக்குவாங்க?"

புத்தகத்தில் நாலில் ஒரு பங்குகூட முடியவில்லை. காத்திருப்பவர்கள் இருப்பதால் நீட்டிக்கவும் வழியில்லை. மறுபடி வரிசையில் பெயர் போட்டாள். இருபத்தாறாவது இடம். நூலகத்தில் ஆறு பிரதி. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது.

"யாரு அந்த இருபத்தஞ்சு பேரு?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான். பாதிப் பேர உனக்கே தெரியும். காலைல அவங்க பஸ்ஸுக்கு முன்னாடி நீதான பனி தள்ளிக்கிட்டுப் போற."

வெஸ் கொஞ்சம் யோசித்தார். "வரிசை இல்லாம உடனே கிடைக்கிறது ஏதாவது இருக்கா?"

இருந்தது. பனி ஹாக்கி ஆடுகிற ஒரு பையனைப் பற்றி ஒல்லியான ஒரு கதை. அதை மார்லிஸ் அவர் போனிலேயே இறக்கிக் கொடுத்தாள். புத்தகமாகக் கையில் பிடித்திருந்தால் அட்டையைப் பார்த்து யாராவது கேட்டிருப்பார்கள். போனை உற்றுப் பார்க்கிற ஆளை இந்தக் காலத்தில் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? அதை முடித்தார். அடுத்து ஒன்று எடுத்தார், ராணுவ முகாமில் வளரும் இரட்டையர் கதை.

பிப்ரவரியில் ஒரு காலை. பழைய மில் சாலையின் முடிவில் மரம் ஏற்றிய லாரிகள் வெளியே வரும் வரை பனி லாரி ஒதுங்கி நிற்க வேண்டும். பத்து நிமிடம், சில நாள் இருபது. வெஸ்ஸின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது.

"நோரீன், ஒரு வார்த்தை கேக்கணும். சி, ஓ, எல், ஓ, என், ஈ, எல். இது என்ன?"

புதிதாக வந்த சாலைப் பெயர் ஏதோ என்று நினைத்தேன். "கர்னல்" என்றேன்.

"இதுல ஆர் இல்லையே."

"இல்லதான்."

"அப்புறம் எப்படி கர்னல்?"

"தெரியல வெஸ். அது அப்படித்தான்."

கரகரவென்று சத்தம். அந்த அலைவரிசையில் பதினொரு லாரியும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. டுவேன் நுழைந்தான். "என்னய்யா வெஸ், இந்த வயசுல மிலிட்டரில சேரப் போறியா?"

"இல்ல டுவேன்" என்றார் வெஸ். நிதானமான குரல். "படிக்கக் கத்துக்கிட்டிருக்கேன்."

என் கை பொத்தான் மேல் அப்படியே இருந்தது. வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடி, நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது. அவர் மறைத்ததற்காகக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. இத்தனை நாள் மறைக்க எவ்வளவு ஞாபகசக்தி வேண்டியிருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் காகிதத்தில் வைத்திருந்த மொத்த மாவட்டத்தையும் அந்த மனிதர் தலைக்குள் வைத்திருந்தார்.

மறுநாள் லாரிக் கொட்டகையில் வெஸ்ஸின் அலமாரிக் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. பாலர் பள்ளியில் மாட்டுவது போல ஏ, பி, சி, டி என்று வண்ணப் பேனாவில் எழுதியிருந்தது. டுவேனின் கைவண்ணம். எல்லோரும் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தபடி நின்றார்கள். நானும் நின்றேன்.

வெஸ் தாளுக்கு முன்னால் போய் நின்றார். கையுறையைக் கழற்றினார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் போனார். அவசரமே படவில்லை. மறுபடி ஒரு தடவை போனார். திரும்பிப் பார்த்தார்.

"டுவேன், இதுல க்யூவ விட்டுட்டியே."

கொட்டகையே அதிர்ந்தது. டுவேன் ஓடி வந்து தாளைப் பார்த்தான். பி-க்கும் ஆர்-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. காதுவரை சிவந்துபோனான். "பேனா மை தீர்ந்துபோச்சு" என்றான். அதற்கு இன்னும் சிரிப்பு. வெஸ் தாளைப் பிய்க்காமல் அப்படியே விட்டுவிட்டு லாரிக்குப் போனார். அன்று மதியம் டுவேனே வந்து அதைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். மன்னிப்பு என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு வயர்லெஸ்ஸில் அவன் குரல்:

"வெஸ், அந்த ரெட்டைப் பசங்க கதை... அந்தக் கர்னல் நல்லவனா, கெட்டவனா?"

"இன்னும் தெரியல. நாப்பத்திரண்டாம் பக்கத்துலதான் இருக்கேன்."

"சீக்கிரம் படிய்யா."

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. வெஸ் வார்த்தை கேட்பார், நான் சொல்லுவேன். எனக்குத் தெரியாவிட்டால் யாராவது சொல்லுவார்கள். யாருக்கும் தெரியாதபோது அகராதியைப் புரட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக அந்த மேசையில் அகராதி கிடையாது, நான்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். சாலை வேலை எதுவும் இதனால் கெடவில்லை. அவசரச் செய்தி வந்தால் வெஸ்தான் முதலில் வாயை மூடுவார்.

மார்ச் கடைசியில் உப்புச் சுரங்கக் கதைக்கான முறை மறுபடி நெருங்கியது. வரிசையில் அடுத்தது மார்லிஸ்தான். இரண்டு நாளில் வந்துவிடும். வெஸ் நாள்காட்டியைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் பள்ளிக்கூடம் லீவுதான?"

"ஆமா."

"லீவுல படிக்கலாம்னு எவனாவது ஒரு பையன் காத்துக்கிட்டிருப்பான். நமக்குப் பின்னாடி நிக்கிறவனுக்குக் கொடுக்க முடியுமா?"

முடியும். நமக்கு இப்போது வேண்டாம், இரண்டு வாரம் கழித்துக் கொடுங்கள் என்று குறித்து வைக்கலாம். இடம் பறிபோகாது. மார்லிஸ் என்னிடம் இதைச் சொன்னபோது, "கதவத் தட்டினது யாருன்னு தெரியாம ரெண்டு மாசமா தவிச்சவன்டி அவன். ராத்திரி சாப்பாட்டுல அதையேதான் பேசுவான். அவனே போய் ரெண்டு வாரம் தள்ளி வச்சான்" என்றாள்.

ஏப்ரல் நடுவில் புத்தகம் வந்தது. இந்தத் தடவை அவர் எழுத்துக் கூட்டவில்லை. உதடு அசைய, விரல் வைத்து, ஓடாமல் நிற்காமல் வாசித்தார். மார்லிஸின் இடது கண் அதற்குள் நன்றாகவே திரும்பியிருந்தது, வலது கண் மங்கலாகவே நின்றுவிட்டது. பெரிய எழுத்து என்றால் அவளே வாசிக்க முடியும். இருந்தாலும் மதியம் ஒரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள், அவர் வாசிப்பார். கதவைத் தட்டியது வென்னாவின் அம்மா. எங்கள் வயர்லெஸ்ஸில் மறுநாள் காலை அது பெரிய செய்தி.

பன்னிரண்டாம் நாள். கடைசி அத்தியாயம். வென்னா சுரங்கத்தின் வாசலுக்கு வருகிறாள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. வெஸ் நிமிர்ந்து பார்த்தால் மார்லிஸின் கன்னத்தில் கண்ணீர்.

"நீ ஏன் இப்பவே அழுற?"

"சும்மா."

"இன்னும் ஒண்ணுமே ஆகலையே. வாசலுக்குத்தான வந்திருக்கா."

மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மார்லிஸ். நீ முன்னாடியே படிச்சிட்டியா?"

"காலைல... நீ வேலைக்குப் போனப்புறம். ஒரே ஒரு அத்தியாயம்தான் வெஸ். தாங்க முடியல."

வெஸ் டேப்லெட்டை மூடி மேசை மேல் வைத்தார். வெளியே போய், வெட்டத் தேவையில்லாத விறகை ஒரு மணி நேரம் வெட்டினார். சாப்பாட்டு நேரத்தில்தான் பேச்சு திரும்பியது. மிச்சத்தைத் தனியாக, அடுப்படி மேசையில் உட்கார்ந்து, தனக்குத்தானே வாசித்து முடித்தார். அவரும் அழுதிருக்க வேண்டும். முகம் கழுவ இரண்டு தடவை எழுந்துபோனார் என்று மார்லிஸ் சொன்னாள். முடித்த கையோடு புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் பாக்கி இருந்தது. "அடுத்தவன் ஏன் காத்துக்கிட்டிருக்கணும்?" என்றாராம்.

அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற முதுகு பழக்கமானதாக இருந்தது. வெஸ்தான். வேலை நாளில்கூட வாராத தலையை வாரியிருந்தார்.

"சொந்தமா ஒரு கார்டு வேணும்" என்று மேசையிலிருந்த கோல்பியிடம் சொன்னார். கோல்பி அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த இளைஞன். "அவ கார்டுல எடுத்தா அவ முன்னாடியே படிச்சிடுறா."

கோல்பி விண்ணப்பத்தை எடுத்தான். "நான் நிரப்பித் தரட்டுமா சார்? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"வேணாம்ப்பா. நானே எழுதுறேன்."

எனக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். வெஸ் பேனாவை உளி பிடிப்பது போலப் பிடித்து எழுதினார். பெயர். இத்தனை வருடமும் ஒரு கிறுக்கலாகப் போட்ட பெயரை வெஸ்லி ஹார்யு என்று எழுத்து எழுத்தாக முழுதாக எழுதினார். முகவரி. ஒரு இடத்தில் அடித்துவிட்டு மேலே திருத்தினார். பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். திரும்பி அவரை முறைத்தேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது, எந்த மாதிரிப் புத்தகங்கள் பிடிக்கும் என்று. வெஸ் அதை உதட்டில் வாசித்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

கோல்பி தாளை வாங்கிப் பார்த்தான். வெஸ்ஸின் தோளுக்கு மேலே எட்டி நானும் பார்த்துவிட்டேன். 'பெரிய பிள்ளைகளின் புத்தகம்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் என்பதில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது.

நல்ல பையன் கோல்பி. சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "அந்த அலமாரிதான் சார் எனக்கும் பிடிக்கும். வரிசை இல்லாம இப்பவே கிடைக்கிறது நாலஞ்சு இருக்கு, காட்டட்டுமா?" என்றான். இரண்டு பேரும் வெஸ்ஸின் போனின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நான் கொண்டுபோன புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வெஸ் இதுவரை எழுபத்து மூன்று வாசித்திருக்கிறார். எல்லாம் பதினாறு வயதுக்காரர்களின் கதைகள். பெரியவர்களுக்கான நாவல் ஒன்றை மார்லிஸ் கொடுத்துப் பார்த்தாள். நாற்பது பக்கம் வரை யாரும் எதையும் முடிவு செய்யாமல் காபியே குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறார். உதடு அசையும். களைப்பாக இருக்கும் நாளில் எழுத்துகள் இன்னும் ஆடும் என்கிறார். போன இலையுதிர் காலத்தில் எல்லா லாரியிலும் திரை வைத்துவிட்டார்கள். சாலைச் செய்திகள் இப்போது எழுத்தில்தான் போகின்றன. ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். வெஸ் மட்டும் ஒன்றும் சொல்லாமல் திரையின் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டார்.

கணவனும் மனைவியும் ஒரே புத்தகத்துக்குத் தனித்தனியாகப் பெயர் போடுகிறார்கள். யாருக்கு முன்னால் வருகிறதோ அவர் மற்றவரிடம் மூச்சு விடக்கூடாது என்பது ஏற்பாடு. அது ஒரு தடவையும் நிறைவேறியதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையின் புகைபோக்கியில் புகை. உள்ளே தண்ணீர் கல்லில் பட்டுச் சீறும் சத்தத்தையும் மீறி இரண்டு குரலும் வெளியே கேட்டன.

"அவ அவனோட போயிருக்கக் கூடாது!"

"போகாம? அங்கயே உக்காந்து அழுதுக்கிட்டிருக்கணுமா?"

"பதினேழு வயசு மார்லிஸ் அவளுக்கு! பதினேழு வயசுல என்ன தெரியும்?"

"உன்னக் கட்டிக்கிறேன்னு எங்க அப்பாகிட்ட சொன்னப்ப எனக்கு அதே பதினேழுதான்!"

உள்ளே கல்லில் மறுபடி தண்ணீர் சீறியது.

"சரி, போனா போகட்டும்" என்றார் வெஸ். "ஆனா அந்தக் குதிரைய விட்டுட்டுப் போனது தப்பு."

"அது தப்புதான்" என்றாள் மார்லிஸ்.